பிரசவத்துக்கு வந்த மகள்: சௌராஷ்டிரக் கடலில் ஒரு மீன் பிழைத்த வரலாறு

சௌராஷ்டிரா என்றதும் நம்மவர்களுக்கு மூன்று விஷயங்கள் நினைவுக்கு வரும். மதுரையிலும் பரமக்குடியிலும் தறி போட்டு வாழ்ந்த சௌராஷ்டிரர்கள், சோம்நாத் கோயில், கிர் காட்டுச் சிங்கம். ஊரிலிருந்து வரும் உறவினர்கள் பார்க்கக் கேட்பதும் பின்னே சொன்ன இரண்டைத்தான். (துவாரகையைச் சேர்த்தால் மூன்று.) சிங்கத்தை ஜுனாகத் நவாப்கள் காப்பாற்றிய கதை பள்ளிக்கூடப் புத்தகத்திலேயே இருக்கிறது. அந்தச் சிங்கக் காட்டிலிருந்து காரில் ஒரு மணி நேரம் தெற்கே போனால் வெராவல் துறைமுகம். அங்கே கடலில் சிங்கத்தைவிடப் பலமடங்கு பெரிய ஒரு பிராணியைக் காப்பாற்றிய கதை ஒன்று இருக்கிறது. அது நடந்தது நம் காலத்தில், 2000-க்குப் பிறகு. ஆனாலும் நம்மில் பலருக்கு அது தெரியாது.

அந்தக் கதையைத்தான் இங்கே எழுதப் பார்க்கிறேன். நான் விலங்கியல் படித்தவன் இல்லை, பி.காம். கடன் கொடுத்து வசூல் செய்கிற உத்தியோகத்தில் இருபது வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது. அதனால் எந்தத் திட்டத்தைப் பற்றிக் கேள்விப்பட்டாலும் முதலில் எனக்குத் தோன்றுவது ஒரே கேள்விதான்: இதில் நஷ்டம் யார் கணக்கில் எழுதப்படுகிறது? இந்த வரலாறு முழுக்க அந்தக் கேள்வியைச் சுற்றித்தான் நடக்கிறது.

யார் இந்த மீன்?

ஆங்கிலத்தில் வேல் ஷார்க். திமிங்கலச் சுறா என்று தமிழ்ப் பத்திரிகைகள் எழுதும். நம் பக்கத்துக் கடலோரப் பெயர் இதைவிட அழகு: அம்மணி உழுவை. இது திமிங்கலம் இல்லை. சுறா இனம்தான், ஆனால் சுறா என்றதும் நாம் பயப்படுகிற மாதிரியானதும் இல்லை. உலகத்திலேயே மிகப் பெரிய மீன் இதுதான். நாற்பது அடி நீளம் வரை சாதாரணமாக வளரும், அதற்கு மேலும் பதிவாகியிருக்கிறது. வாய் ஒரு மீட்டருக்கு மேல் அகலம். அத்தனை பெரிய வாயை வைத்துக்கொண்டு அது தின்பது கண்ணுக்குத் தெரியாத மிதவை உயிர்களையும், குட்டி இறால்களையும், பொடி மீன்களையும். வாயைத் திறந்துகொண்டு மெதுவாக நீந்தும். தண்ணீர் செவுள் வழியாக வெளியே போய்விடும், இரை உள்ளே தங்கிவிடும். மனிதனைக் கடித்ததாகச் சரித்திரமே இல்லை.

உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளிகள். நம் கைரேகை மாதிரி ஒரு மீனுக்கு இருக்கும் புள்ளிக்கோலம் இன்னொரு மீனுக்கு இருக்காது. விண்வெளிப் படங்களில் நட்சத்திரக் கூட்டங்களை ஒப்பிட்டு அடையாளம் காண்பதற்கு எழுதப்பட்ட கணக்குமுறை ஒன்று உண்டு. அதையே இந்தப் புள்ளிகளுக்குப் பொருத்தி, எந்த மீன் எந்தக் கடலில் மறுபடி வந்தது என்று 2005 முதல் கண்டுபிடிக்கிறார்கள். நட்சத்திரத்துக்குப் போட்ட கணக்கு மீனுக்கு உதவுகிறது என்றால் யார் நம்புவார்கள்!

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். இது முட்டையிட்டுவிட்டுப் போகிற மீன் இல்லை, குட்டி போடுகிற மீன். 1995-ல் தைவான் கடலில் பிடிபட்ட ஒரு பெண் மீனின் வயிற்றில் சுமார் 300 குட்டிகள் இருந்தன. அதற்கு முன் இந்த மீனின் பிள்ளைப்பேறு பற்றி அறிவியலுக்குத் தெரிந்தது மிகக் குறைவு. பருவத்துக்கு வர இருபத்தைந்து, முப்பது வருஷம்கூட ஆகலாம் என்கிறார்கள். கணக்குப் பாஷையில் சொன்னால், முதலைத் தொட்டுவிட்டால் வட்டி திரும்ப வர ஒரு தலைமுறை காத்திருக்க வேண்டிய டெபாசிட்.

பேரல்

சௌராஷ்டிர மீனவர்கள் இந்த மீனுக்கு வைத்திருந்த பெயர் 'பேரல்', அதாவது பீப்பாய். மீன் பீப்பாய் மாதிரி இருப்பதால் வந்த பெயர் இல்லை. பிடிக்கும் விதத்தால் வந்த பெயர்.

வெயில் காலத்தில் இந்த மீன் நீர்மட்டத்தில் சோம்பலாக மிதந்து வரும். படகில் நெருங்கிப் போய்ப் பெரிய கொக்கியை அதன் உடம்பில் மாட்டுவார்கள். கொக்கியோடு கயிறு, கயிற்றின் மறுமுனையில் காலிப் பீப்பாய்கள். மீன் வலியில் ஆழத்துக்குப் போகப் பார்க்கும், பீப்பாய்கள் மேலே இழுக்கும். மணிக்கணக்கில் இந்தப் போராட்டம் நடந்து மீன் களைத்துப்போன பிறகு கரைக்கு இழுத்து வருவார்கள். பல சமயம் கரைக்கு வரும்போதும் உயிர் இருக்கும். அப்படியே அறுப்பு ஆரம்பமாகிவிடும்.

ஆரம்பத்தில் இது பெரிய வியாபாரம் இல்லை. ஈரலிலிருந்து எடுக்கும் எண்ணெயை மரப்படகுகளின் அடிப்பலகையில் பூசுவார்கள். தண்ணீர் புகாது, மரம் சீக்கிரம் அரிக்காது. அதற்காக எப்போதாவது ஒன்றிரண்டு மீன். மாமிசத்தை யாரும் சீண்டமாட்டார்கள். கார்வா, கோளி சமூகத்து மீனவர்கள் தலைமுறைகளாகச் செய்து வந்தது இவ்வளவுதான். கடலும் அதைத் தாங்கியது.

மாற்றம் வந்தது 1990-களில், அதுவும் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளியிருந்து. தைவானில் இந்த மீனுக்கு 'டோஃபு சுறா' என்று பெயர். மாமிசம் வெள்ளையாக, டோஃபு மாதிரி மிருதுவாக இருக்குமாம். அங்கே ஓட்டல்களில் கிராக்கி ஏறியது, அவர்கள் கடலில் மீன் குறைந்தது, விலை ஏறியது. வியாபாரிகள் வேறு கடல்களைத் தேடினார்கள். ஏற்றுமதிக் கம்பெனிகளும் குளிர்பதனக் கிடங்குகளும் ஏற்கெனவே இருந்த வெராவல் அவர்கள் கண்ணில் பட்டது. அதுவரை கடலில் தூக்கி எறிந்த மாமிசத்துக்கு ரொக்கம் கிடைக்க ஆரம்பித்தது. துடுப்புக்கும் விலை, தோலுக்கும் விலை. எப்போதாவது ஒன்று என்றிருந்தது, சீசனுக்கு நூற்றுக்கணக்கில் என்று ஆனது.

மீனவர்களை இதில் வில்லனாக்குவதில் அர்த்தமில்லை. கடன் வாங்கிப் படகு வாங்கியவனுக்கு வீட்டு வாசலில் ஒரு லாட்டரிச் சீட்டு மிதந்து வந்தால் என்ன செய்வான்? சட்டமும் அப்போது தடுக்கவில்லை. அந்த மீனைப் பற்றி ஒரு வரிகூடச் சட்டத்தில் இல்லை.

ஒரு படம், ஒரு சட்டம்

ஞாயிற்றுக்கிழமைகளில் தூர்தர்ஷன் பார்த்து வளர்ந்தவர்களுக்கு மைக் பாண்டே என்ற பெயர் தெரிந்திருக்கும். 'எர்த் மேட்டர்ஸ்' எடுத்தவர். அவர் குஜராத் கரையில் இந்த வேட்டையை நேரில் படம் பிடித்தார். 'ஷோர்ஸ் ஆஃப் சைலன்ஸ்' என்ற அந்த ஆவணப்படம் 2000-ல் வெளியாகி, 'பசுமை ஆஸ்கார்' என்று அழைக்கப்படும் வைல்டுஸ்கிரீன் விருதையும் வாங்கியது. கரையில் உயிரோடு அறுபடும் அந்தப் பெரிய மீனைப் பார்த்த எவருக்கும் இரண்டாவது கேள்வி தேவைப்படவில்லை.

2001 மே 28-ம் தேதி மத்திய அரசு இந்த மீனை 1972-ம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தது. புலியும் யானையும் இருக்கும் அட்டவணை அது. அதில் இடம்பிடித்த முதல் மீன் இதுதான். அடுத்த வருஷம் நவம்பரில், சிலி நாட்டின் சாண்டியாகோ நகரில் கூடிய சைட்டிஸ் மாநாட்டில், இந்தியாவும் பிலிப்பைன்ஸும் முன்மொழிந்து இந்த மீனின் சர்வதேச வியாபாரத்துக்கும் கட்டுப்பாடு கொண்டுவந்தன. பிலிப்பைன்ஸ் நம்மை முந்திக்கொண்டு 1998-லேயே தடை போட்டிருந்தது. டோஃபு சுறா சாப்பிட்ட தைவானே 2008-ல் முழுத் தடைக்கு வந்துவிட்டது.

சரி, சட்டம் வந்துவிட்டது, கதை முடிந்தது என்று நினைப்போம். அங்கேதான் சிக்கலே ஆரம்பம்.

வனத்துறை என்பது காட்டுக்காக ஏற்பட்ட துறை. ஜீப் உண்டு, காக்கிச் சட்டை உண்டு, செக்போஸ்ட் உண்டு. நடுக்கடலில் எந்தப் படகு எதை இழுத்து வருகிறது என்று பார்க்கத் தோதான கப்பல் கிடையாது. கடலோரக் காவல்படைக்குக் கப்பல் உண்டு, ஆனால் அவர்களுக்கு எல்லையில் ஆயிரம் வேலை. படகில் இருந்த மீனவர்களில் பலருக்கு இப்படி ஒரு சட்டம் வந்ததே தெரியாது. தெரிந்தவர்களுக்குக் கோபம். டில்லியில் யாரோ ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டு நம் வருமானத்தை நிறுத்திவிட்டார்களே என்ற கோபம்.

அந்தக் கோபத்துக்கு முன்னுதாரணமும் இருந்தது. அதே 2001-ல் அரசாங்கம் சுறா, திருக்கை இனங்கள் எல்லாவற்றையும் ஒட்டுமொத்தமாக முதல் அட்டவணையில் போட்டது. நாடு முழுக்க மீனவர்கள் எதிர்த்தார்கள். வருஷம் முடிவதற்குள் அந்தப் பட்டியல் பத்து இனங்களாகச் சுருங்கியது. கடலைப் பற்றிக் கரையில் உட்கார்ந்து போடும் உத்தரவுக்கு எவ்வளவு ஆயுள் என்பதற்கு இது ஒரு பாடம்.

'வஹாலி' என்ற சொல்

வைல்டுலைஃப் டிரஸ்ட் ஆஃப் இந்தியா என்ற அமைப்பு விவேக் மேனன் 1998-ல் தொடங்கியது. அவர்கள் 2004 ஜனவரியில் சௌராஷ்டிரக் கடற்கரையில் இந்த மீனுக்காக ஒரு இயக்கத்தை ஆரம்பித்தார்கள். குஜராத் வனத்துறை, மிதாப்பூரில் உப்பும் சோடா சாம்பலும் தயாரிக்கும் டாடா கெமிக்கல்ஸ், ஐஃபா என்ற சர்வதேச விலங்கு நல அமைப்பு, கடலோரக் காவல்படை எல்லாம் கூட்டுச் சேர்ந்தன. கூட்டு என்றால் வழக்கமாக என்ன நடக்கும் என்று நமக்குத் தெரியும். ஒரு ஐந்து நட்சத்திர ஓட்டலில் கருத்தரங்கு, ஒரு சினிமா நட்சத்திரத்தோடு போட்டோ, அத்தோடு ஃபைல் மூடிவிடும்.

இவர்கள் எடுத்த முதல் முடிவு வித்தியாசமானது. சினிமாக்காரர்களைத் தேடவில்லை. மொராரி பாபுவிடம் போனார்கள்.

குஜராத்தில் இருக்கும் நம்மவர்களுக்கு மொராரி பாபுவை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பாவ்நகர் மாவட்டம் மஹுவா பக்கத்தில் தல்காஜர்டா அவர் ஊர். துளசிதாசரின் ராமாயணத்தை ஒன்பது நாள் கதையாகச் சொல்பவர். நம் ஊரில் அந்தக் காலத்தில் கிருபானந்த வாரியார் பேசினால் எப்படிக் கூட்டம் கூடுமோ, அதைப் பல மடங்கு பெருக்கிக்கொள்ளுங்கள். கார்வா வீட்டிலும் கோளி வீட்டிலும் அவர் குரல் ஒலிக்கும்.

அவர் வாயிலிருந்து வந்த உவமைதான் எல்லாவற்றையும் திருப்பியது. இந்த மீன் வருஷா வருஷம் எங்கிருந்தோ நம் கரைக்கு வருகிறது, வருவது பிள்ளை பெற. கல்யாணமாகிப் போன மகள் பிரசவத்துக்குத் தாய்வீடு வருவது போலத்தான் இதுவும். வந்த மகளை யாராவது கொல்வார்களா? இதுதான் சாராம்சம். மீனுக்கு 'வஹாலி' என்று புதுப்பெயர் கிடைத்தது. வஹாலி என்றால் பிரியமானவள், செல்ல மகள்.

தமிழ்க் குடும்பத்தில் பிறந்த எவருக்கும் இதை விளக்க வேண்டியதே இல்லை. ஏழாம் மாசமோ ஒன்பதாம் மாசமோ வளைகாப்புப் போட்டு, அம்மா வீட்டுக்கு அழைத்துவந்து, தலைப்பிரசவம் அங்கேதான் என்பது நமக்கும் வழக்கம். குஜராத்திலும் அச்சு அசலாக அதேதான். பிறந்தவீட்டை 'பியர்' என்பார்கள், மடி நிரப்பும் சடங்கு நடத்தி அனுப்புவார்கள். பிரசவத்துக்கு ரயில் ஏறி ஊருக்குப் போன மனைவிகளும், டில்லிக்கும் பம்பாய்க்கும் மகளைத் தேடி வந்த அம்மாக்களும் நம் வீடுகளில்தானே இருக்கிறார்கள். தூரத்திலிருந்து வருகிறவள் என்ற சொல்லுக்கு என்ன கனம் என்று நமக்குக் கொஞ்சம் கூடுதலாகவே தெரியும்.

ஒரு சங்கதியை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். இந்த மீன் குட்டி போடுவதை இயற்கையில் நேரில் பார்த்துப் பதிவு செய்தவர் உலகில் யாரும் இல்லை. சௌராஷ்டிரக் கரைக்குப் பிரசவத்துக்குத்தான் வருகிறது என்பது அறிவியல்படி நிரூபணமான உண்மை இல்லை. உணவு மிகுந்த தண்ணீரைத் தேடி வருவதாகவும் இருக்கலாம். ஆனால் அறிக்கைகளும் துண்டுப் பிரசுரங்களும் செய்யாததை அந்த உவமை செய்தது. 'பேரல்' என்று கூப்பிட்டவரை அது சரக்கு. 'வஹாலி' என்று கூப்பிட்ட பிறகு அதன்மேல் கொக்கி போடக் கை கூசியது.

நிஜ அளவில் காற்றடைத்த ஒரு பெரிய மீன் பொம்மையை ஊர் ஊராக எடுத்துப்போனார்கள். கர்ப்பிணி மகளையும் கரைக்கு வரும் மீனையும் முடிச்சுப் போட்டுத் தெருநாடகம் போட்டார்கள். பள்ளிப் பிள்ளைகள் ஊர்வலம் போனார்கள். போர்பந்தர், துவாரகை, ஓகா, டையூ, வெராவல் எல்லாம் அந்த மீனைத் தங்கள் ஊர்ச் சின்னமாக ஏற்றுக்கொண்டன. கடலே இல்லாத அகமதாபாத்தும் ஏற்றுக்கொண்டது! கார்த்திக் அமாவாசையை வஹாலியின் நாளாகக் குஜராத் அரசு அறிவித்தது.

இந்த இடத்தில் ஒரு நெருடலையும் எழுதாமல் விட மனசு வரவில்லை. 2001 மக்கள்தொகைக் கணக்குப்படி குஜராத்தில் ஆறு வயதுக்குட்பட்ட 1,000 ஆண் குழந்தைகளுக்குப் பெண் குழந்தைகள் 883 பேர்தான். மீனை மகள் என்று கொண்டாடிய அதே காலத்தில், வயிற்றிலிருந்த மகள்கள் ஸ்கேன் சென்டர்களில் காணாமல் போய்க்கொண்டிருந்தார்கள். தொட்டில் குழந்தைத் திட்டம் 1992-லேயே தேவைப்பட்ட தமிழ்நாட்டிலிருந்து வந்த நமக்கு இதில் விரல் நீட்டும் தகுதி கிடையாது. 2019-ல் குஜராத் அரசு பெண் குழந்தைகளுக்காகக் கொண்டுவந்த உதவித்தொகைத் திட்டத்தின் பெயர் என்ன தெரியுமா? 'வஹாலி திக்ரி யோஜனா'. செல்ல மகள் திட்டம். மீனுக்குப் பெயர் கிடைத்துப் பதினைந்து வருஷம் கழித்து அது மனிதப் பெண்ணுக்கும் வந்து சேர்ந்தது.

வலைக்கு யார் பணம் கொடுப்பது?

பாசம் இருந்தால் போதுமா? நான் ஆரம்பத்தில் சொன்ன கேள்விக்கு இப்போது வருவோம்.

வேண்டுமென்று பிடிப்பது நின்றாலும், மீன் தானாக வந்து வலையில் சிக்குவது நிற்காது. கடலில் நீளமாகக் கட்டிவிட்டிருக்கும் செவுள் வலையில் இத்தனை டன் எடையுள்ள மீன் மாட்டிக்கொண்டால் ஒரே வழிதான் உண்டு. வலையை அறுக்க வேண்டும். நேரம் ஆக ஆக மீன் சோர்ந்துவிடும், அதனால் யோசித்துக்கொண்டிருக்கவும் முடியாது.

வலை என்பது மீனவனுக்கு என்ன? நம் பாஷையில் அது நடைமுறை மூலதனமும் இயந்திரமும் சேர்ந்தது. பெரும்பாலும் கடனில் வாங்கியது. சிலர் வங்கியில், பலர் மீன் ஏலம் எடுக்கும் வியாபாரியிடம். வியாபாரியிடம் வாங்கிய கடனுக்கு வட்டி தனியாகத் தெரியாது. பிடித்த மீனை அவர் சொல்லும் விலைக்கு அவருக்கே கொடுக்க வேண்டும், அதுதான் வட்டி. இந்த நிலையில் வலையை அறுத்தால் போவது நூல் மட்டும் இல்லை. அன்று வலையில் இருந்த மற்ற மீன், எரித்த டீசல், புது வலை வரும்வரை கடலுக்குப் போக முடியாத நாட்கள் எல்லாம் சேர்ந்து போகும். ஒரு பேரம் இல்லாமல் இவ்வளவையும் தர்மமாகச் செய் என்று ஒருவனிடம் சொல்வது சுலபம். சொல்கிறவனுக்கு ஒரு காசு செலவில்லை.

இதைப் புரிந்துகொண்டதுதான் இந்த இயக்கத்தை நடத்தியவர்களின் இரண்டாவது நல்ல முடிவு. மீனை விடுவிக்க வலையை அறுத்தால் 25,000 ரூபாய் வரை நிவாரணம் என்று வனத்துறை வழியாக ஏற்பாடு ஆனது. முழு நஷ்டத்துக்கும் அது ஈடாகாது. ஆனாலும் நஷ்டத்தில் ஒரு பங்கை அரசாங்கம் தன் கணக்கில் எழுதிக்கொள்கிறது என்பதே பெரிய விஷயம்.

அடுத்த பிரச்சினை, நம் எல்லாருக்கும் பழக்கமான பிரச்சினைதான். அத்தாட்சி! மீன் சிக்கியது நிஜமா, விடுவித்தது நிஜமா, வலை அறுந்தது இதனால்தானா என்று யார் சான்று கொடுப்பது? ஆரம்பத்தில் மீனவர் கரைக்குத் தகவல் சொல்வார், அதிகாரிகள் படகு பிடித்து அங்கே போவார்கள், அவர்கள் கண்முன் மீன் விடுவிக்கப்படும். இது ஒழுங்கான நடைமுறைதான். ஆனால் அதிகாரி வந்து சேரும்வரை மீன் வலையில் கிடக்க வேண்டும். நடைமுறையைக் காப்பாற்ற மீனைச் சாகவிட்ட கதையாகிவிடும்.

அதற்குக் கண்ட தீர்வு எனக்கு இந்த வரலாற்றிலேயே மிகவும் பிடித்த பகுதி. தண்ணீர் புகாத கேமராக்களை மீனவர்கள் கையிலேயே கொடுத்துவிட்டார்கள். நீயே அறு, நீயே படம் எடு, படத்தைக் காட்டி நிவாரணம் வாங்கிக்கொள். விடுவிக்க ஆகும் நேரம் பெரிதும் குறைந்தது. ஒரு துறை தன் சோதனை அதிகாரத்தைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்து, எதிரில் இருப்பவனை நம்பியது. எங்கள் தொழிலில் கிரெடிட் என்ற சொல்லுக்கு வேர்ப்பொருளே நம்பிக்கைதான். கேமரா கொடுத்த அன்றைக்கு மீனவர் குற்றவாளி ஸ்தானத்திலிருந்து சாட்சி ஸ்தானத்துக்கு மாறினார்.

2011-ல் சூத்ரபாடா கரைக்கு அப்பால் ஒரு மீனின் உடம்பில் செயற்கைக்கோள் கருவி பொருத்தப்பட்டது. இந்தியாவில் இந்த மீனுக்கு அதுதான் முதல் தடவை. ஒரு காலத்தில் கொக்கி மாட்டிய கைகள்தான் வலையில் சிக்கும் மீன்களை ஆராய்ச்சியாளர்களுக்கு அடையாளம் காட்டித் தருகின்றன. இயக்கம் தொடங்கியதிலிருந்து இதுவரை 900-க்கும் மேற்பட்ட அம்மணி உழுவைகள் குஜராத் கடலில் வலையிலிருந்து விடுவிக்கப்பட்டிருக்கின்றன. பிறகு கேரளத்துக்கும் லட்சத்தீவுக்கும் இந்த முயற்சி விரிந்தது.

நம் கரையில் என்ன நடந்தது?

ராமேஸ்வரத்தையும் ஓகாவையும் இணைக்கும் வாராந்திர ரயில் நம்மவர்களுக்குத் தெரிந்ததுதான். அந்த ரயிலின் இரண்டு முனைகளையும் ஒரே வருஷம், ஒரே சட்டம் தொட்டது என்பது பலருக்குத் தெரியாது.

அம்மணி உழுவை சேர்க்கப்பட்ட அதே 2001-ல்தான் கடல் அட்டையும் முதல் அட்டவணைக்குள் வந்தது. மன்னார் வளைகுடாவிலும் பாக் நீரிணையிலும் மூச்சடக்கி மூழ்கி அட்டை எடுத்துப் பிழைத்த குடும்பங்கள் ராமநாதபுரம், தூத்துக்குடிக் கரையில் ஏராளம். அட்டையை அவித்து உலர்த்தினால் சிங்கப்பூர், ஹாங்காங் வரை போகும். அளவுக்கு மீறி எடுத்தார்கள், அட்டை குறைந்தது, தடை வந்தது. தடைக்குக் காரணம் இருந்தது, அதை மறுக்கவில்லை. ஆனால் தடைக்குப் பின்னால் என்ன வந்தது? மூழ்குகிறவனுக்கு ஈடு எதுவும் வரவில்லை. வீட்டுக்கு வீடு பேசும்படியான ஒரு சொல்லும் வரவில்லை. பாக் நீரிணைக்கு அந்தப் பக்கம் இலங்கையில் அனுமதி பெற்று அட்டை எடுப்பது சட்டப்படி சரி, இந்தப் பக்கம் ஜெயில். விளைவு, கடத்தல். மண்டபம், வேதாளை பக்கம் மூட்டை மூட்டையாக அட்டை பிடிபட்டது என்ற செய்தி இத்தனை வருஷம் கழித்தும் பத்திரிகையில் வந்துகொண்டே இருக்கிறது. பிடிபடுகிறவர்களில் பெரிய வியாபாரி எத்தனை பேர், கூலிக்கு மூட்டை தூக்கியவர் எத்தனை பேர் என்பதை வாசகர்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

இரண்டும் ஒரே மாதிரிப் பிரச்சினை இல்லை என்பது தெரியும். அம்மணி உழுவை சில குடும்பங்களுக்குச் சீசன் வருமானம். அட்டை பல குடும்பங்களுக்கு அன்றாடச் சோறு. உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளி உள்ள மீனை மகள் என்று சொல்லலாம், அட்டையை அப்படிச் சொன்னால் சிரிப்பார்கள். ஆனாலும் நஷ்டத்தைப் பகிர்ந்துகொள்வதும் கடற்கரைக்காரனைச் சாட்சியாக நம்புவதும் எந்தப் பிராணிக்கும் பொருந்தும்.

தமிழ்நாட்டிலும் அந்தத் திசையில் நல்ல அடி வைக்கப்பட்டிருக்கிறது. 2022 செப்டம்பரில் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கரையை ஒட்டிப் பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பைக் கடற்பசுக்களுக்கான பாதுகாப்பகமாக மாநில அரசு அறிவித்தது. நாட்டிலேயே அதற்கென அமைந்த முதல் காப்பகம். வலையில் சிக்கும் கடற்பசுவை உயிரோடு விடும் மீனவர்களுக்குப் பரிசும் பாராட்டும் தருகிறார்கள். வெராவலில் நடந்ததைப் படித்துவிட்டு அந்தச் செய்திகளைப் பார்த்தால் குடும்பச் சாயல் தெரியும்.

மிச்சமிருக்கும் கணக்கு

எல்லாம் சுபம் என்று முடிக்க முடியாது. 2016-ல் உலக அளவில் இந்த மீன் 'அருகிவரும்' இனமாக வகைப்படுத்தப்பட்டது, அதற்கு முன் இருந்த நிலையைவிட மோசமான படி அது. குஜராத்தில் காப்பாற்றியது வேறு கடலில் கப்பலில் அடிபட்டுச் சாகலாம். வலையில் மீன் சிக்குவதும் நிற்கவில்லை. 900 தடவை விடுவித்தார்கள் என்றால் 900 தடவை ஒரு வலை அறுந்தது என்று அர்த்தம். டீசல் விலையும் வலை விலையும் ஏறிக்கொண்டே போகிறது. நிவாரணத் தொகை அதற்கு ஈடு கொடுத்து ஏறாவிட்டால், பாசத்தின் பாரம் முழுக்க மறுபடி மீனவன் தலையில்தான் இறங்கும். நான் இந்தத் திட்டத்தின் தணிக்கையாளனாக இருந்தால் முதலில் பார்ப்பது அந்த ஒரு வரியைத்தான்.

ஆனால் இருபது வருஷத்துக்கு மேல் ஒரு நல்ல காரியம் தொய்வில்லாமல் நடந்திருக்கிறது, அதுவும் அரசாங்கமும் கம்பெனியும் தொண்டு நிறுவனமும் கதை சொல்பவரும் மீனவரும் சேர்ந்து. நம் நாட்டில் இது அபூர்வம். கிர் சிங்கத்துக்கு நவாப்கள் காவல் இருந்தார்கள். வஹாலிக்குக் காவல் இருப்பவர்கள் கடனில் படகு ஓட்டுகிறவர்கள்.

அடுத்த முறை உறவினர்களை சோம்நாத் அழைத்துப்போகும் நண்பர்களுக்கு ஒரு யோசனை. தரிசனம் முடிந்ததும் நேரே கிர் காட்டுக்கு வண்டியைத் திருப்பாமல், ஆறேழு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் வெராவல் மீன்பிடித் துறைமுகத்துக்குக் குழந்தைகளை ஒரு நடை கூட்டிப்போங்கள். மூக்கைப் பிடித்துக்கொள்வார்கள், பரவாயில்லை. வலை பின்னிக்கொண்டிருக்கும் பெரியவர் யாரிடமாவது 'வஹாலி' என்று மட்டும் சொல்லிப் பாருங்கள். மீதியை அவர் சொல்வார். குஜராத்தி வராவிட்டாலும் பிரசவத்துக்கு வந்த மகள் கதை நமக்குப் புரியாமல் போகாது. தீபாவளி கழித்து வரும் அடுத்த அமாவாசையை ஒட்டிப் போனால் அவளுடைய நாளாகவே இருக்கும்.